டெல்டா வீட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, முத்துப்பேட்டை பக்கம் வீட்டு வயரிங்கும் இன்வெர்ட்டர் வேலையும் பார்த்து வருகிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் போன் ஓயாது. கேட்பதெல்லாம் அநேகமாக அதே இருபது, இருபத்திரண்டு சந்தேகம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதிவைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் சொல்லும் கணக்கெல்லாம் வீடுகளில் அதிகமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியை வைத்து.

1. இன்வெர்ட்டர்னா என்ன, யுபிஎஸ்னா என்ன? கடையில ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்றாங்களே?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி. ஃபேனுக்கும் லைட்டுக்கும் வேண்டியது 230 வோல்ட் ஏசி. அதை இதாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். கரண்ட் இருக்கும்போது அதே பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்யும், கரண்ட் போனதும் தானாகப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். 'ஹோம் யுபிஎஸ்' என்று விற்பதும் இதே பெட்டிதான்.

மாறுகிற வேகத்தில்தான் வித்தியாசம். யுபிஎஸ் மோடில் சுமார் 10 மில்லிசெகண்டில் மாறிவிடும், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அணையாது. இன்வெர்ட்டர் மோடில் இன்னும் சற்று நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருக்கும். பெட்டியில் இதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சால் நம் ஊரில் வரும் தொல்லையை 8-வது கேள்வியில் சொல்கிறேன்.

2. எங்க வீட்டுக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேணும்?

இதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். கரண்ட் போன ராத்திரியில் எது எது ஓடியே ஆகவேண்டும்? பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார். எல்இடி பல்பு 9, எல்இடி டியூப் 20, 32 இஞ்ச் டிவி 50, வைஃபை ரூட்டர் 10, போன் சார்ஜர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

150 ஏஎச் பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-அவர் வரும். அது பேட்டரி மேல் எழுதியிருக்கும் கணக்கு. இன்வெர்ட்டரில் போகும் நஷ்டம், பேட்டரியை அடிவரை உறிஞ்சாமல் நிறுத்துவது, கொஞ்சம் வயதாவது எல்லாம் கழித்து நான் 1,100 என்றுதான் எடுத்துக்கொள்வேன். பழைய ஃபேன் இரண்டு, பல்பு மூன்று, ரூட்டர், ஒரு போன் என்றால் 200 வாட். 1,100-ஐ 200-ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். அதே இரண்டு ஃபேனையும் பிஎல்டிசி ஆக்கிவிட்டால் மொத்தம் 110 வாட், பத்து மணி நேரம். இன்னொரு பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள். கரண்ட் பில்லும் சேர்ந்து குறையும்.

3. 900 விஏன்னு எழுதியிருக்கு, அப்போ 900 வாட் ஓட்டலாமா?

ஓட்ட முடியாது. விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருப்பதில் முக்கால் பங்கிலிருந்து எண்பது சதவீதம் வரைதான் வாட் கிடைக்கும். 900 விஏ பெட்டியில் 700 வாட் ஒட்டி. இன்வெர்ட்டரின் அளவு, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைச் சொல்கிறது. பேட்டரியின் அளவு, எத்தனை மணி நேரம் இழுக்கலாம் என்பதைச் சொல்கிறது. மூன்று ஃபேன், ஐந்து லைட்டு, ஒரு டிவி உள்ள வீட்டுக்கு 900 விஏ தாராளம்.

4. ஸ்கொயர் வேவ் விலை கம்மியா இருக்கே, அதையே போட்டா என்ன?

ஃபேன் உறுமும், மோட்டார் உள்ள பொருள் கூடுதலாகச் சூடாகும். சில சார்ஜர்களும் ஒத்துழைக்காது. சைன் வேவ் என்பது ஈபி கரண்ட் மாதிரியே சீராக வரும் அலை. விலை வித்தியாசத்தைப் பார்த்து இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. மிக்சி, பிரிட்ஜ், தண்ணி மோட்டார் எல்லாம் ஓடுமா தம்பி?

மிக்சி 500 முதல் 750 வாட். 500 வாட் மிக்சி என்றால் 900 விஏ-வில் இரண்டு நிமிடம் சட்னி அரைக்கலாம், மற்றதை அணைத்துவிட்டு. பிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் அளவில்தான் இருக்கும், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். மூடியே வைத்திருந்தால் பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும், அதனால் அதை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்பி தண்ணி மோட்டார் ஆயிரம் வாட் கேட்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆயிரம் வாட் எடுக்க நூறு ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் அதற்கானது இல்லை. மழை எச்சரிக்கை வந்ததும் மாடி டேங்கை நிரப்பிவிடுவதுதான் தண்ணீருக்கு பேக்கப்.

6. பேட்டரிய எங்க வைக்கறது? மாடிப்படிக்குக் கீழ பெட்டி மாதிரி அடைச்சிடலாமா? தரையில வச்சா சார்ஜ் இறங்கிடும்னு சொல்றாங்க?

அடைக்காதீர்கள். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கக்கூடியது. காற்று போய்வர இடம் இருந்தால் கலைந்துவிடும், அடைத்த அலமாரியில் தேங்கும். சாமி அறையில் வைக்கவே கூடாது. ஒரு வீட்டில் பேட்டரி மூடி மேலேயே ஊதுவத்தி ஸ்டாண்டு இருந்தது, ஆயுத பூஜைக்கு வைத்ததாம். அந்த ஸ்டாண்டை என் கையால் எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பொட்டு வைக்கட்டும், பூ வைக்கட்டும். நெருப்பு மட்டும் பக்கத்தில் வேண்டாம்.

தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியில் அப்படி இறங்காது. ஆனாலும் நம் ஊரில் தரையில் வைக்காதீர்கள், காரணம் வெள்ளம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கு ஒரு முழம் மேலே சிமென்ட் மேடையோ இரும்பு ஸ்டாண்டோ போடுங்கள். 150 ஏஎச் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், பிளைவுட் தட்டு தாங்காது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஆசிட் ஆவி போர்டை அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தடித்த வயரை இழுத்து நீட்ட வேண்டாம். 12 வோல்ட் பக்கம் ஆம்பியர் அதிகம், வயர் நீண்டால் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும்.

வெயில் படும் இடமும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும் ஆகாது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

7. ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? மழைத்தண்ணி சுத்தமானதுதானே? ஆசிட் கொஞ்சம் சேர்த்தா பவர் கூடுமா?

மூன்றுக்கும் வேண்டாம் என்பதே பதில். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர, அறவே போயிருக்காது. மழைத்தண்ணீர் ஓட்டிலும் மாடியிலும் பட்டு தூசியோடு வருகிறது. வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, வாயில் வைத்தாலே உப்பு கரிக்கும். அந்த உப்பெல்லாம் பேட்டரி பிளேட்டில்தான் போய்ச் சேரும். டிஸ்டில்டு வாட்டர் கேன் பேட்டரி கடையில் கிடைக்கிறது, அது மட்டும்தான்.

பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர். ஆசிட் உள்ளேயே இருக்கிறது. குறைந்ததைத்தான் நிரப்ப வேண்டும். ஆசிட் சேர்த்தால் ஒரு வாரம் தெம்பாக இருப்பது போல் தெரியும், பிறகு பிளேட் சீக்கிரம் அரித்துப் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடியில் இருக்கும் மிதவைக் குச்சிகளைப் பாருங்கள். சிவப்புக்கு இறங்கியிருந்தால் பச்சை வரும் வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். நிரம்பி வழிந்தால் ஆசிட் வெளியே வரும். முழு சார்ஜ் ஆனபிறகு ஊற்றுவது நல்லது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பருத்திச் சேலையில் தெறித்த சொட்டு அப்போது தெரியாது, துவைத்து எடுக்கும்போது ஓட்டையாக இருக்கும்.

8. ஈபி கரண்ட் இருக்கு, ஆனா இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடுது. பெட்டி ரிப்பேரா?

பெரும்பாலும் பெட்டியில் ஒன்றும் இருக்காது. ஜூன் 12 ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் சமயத்திலும், தண்ணீர் தாமதமாகி எல்லோரும் போர்செட்டை நம்பியிருக்கும் நாட்களிலும் இந்த போன்தான் எனக்கு அதிகம் வரும். வயல் மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடும்போது, டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில், லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் 170-க்கு இறங்கிவிடும். லைட்டு எரியும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். யுபிஎஸ் மோடில் இருக்கும் பெட்டி 180-க்குக் கீழ் போனால் அதைக் கரண்டாகவே ஏற்காது. பேட்டரிக்கு மாறிவிடும். அப்படியே நாலு மணி நேரம் ஓடிப் பேட்டரி தீர்ந்து, நிஜமாகவே கரண்ட் போகும்போது வீடு இருட்டாகும்.

1-வது கேள்வியில் சொன்ன சுவிட்சை இன்வெர்ட்டர் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடில் நூறு, நூற்றிருபது வோல்ட் வரைகூட ஏற்றுக்கொண்டு சார்ஜும் செய்யும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதற்கு மட்டும் தனியாகச் சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். இது தற்காலிக வழிதான். ஒரு வாரம் காலை, மாலை, ராத்திரி என்று மல்டிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதிவைத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் கொடுங்கள். வெறுமனே 'வோல்டேஜ் இல்லை' என்பதைவிட 'ராத்திரி 7 மணிக்கு 168' என்ற வார்த்தைக்கு மதிப்பு உண்டு. தெருவில் நாலு வீடு சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

9. வாங்கும்போது ஆறு மணி நேரம் நின்னுச்சு, இப்ப ஒன்றரை மணி நேரத்துல கூவுது. பேட்டரி போச்சா?

போயிருக்கலாம், ஆனால் காசு கொடுக்கும் முன் நாலு விஷயம் பாருங்கள். பிள்ளைகள் புதிதாக எதையாவது இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகியிருக்கிறார்களா? 8-வது கேள்வியில் சொன்ன வோல்டேஜ் குறைவா? தண்ணீர் இறங்கியிருக்கிறதா? டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பொடி பூத்திருக்கிறதா? கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் இந்தப் பொடி சீக்கிரம் பூக்கும். இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் வயரையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கிப் பூட்டி மேலே வாசலின் தடவுங்கள். இதிலேயே பாதி வீடுகளில் சரியாகிவிடுகிறது.

இதற்கும் மசியவில்லை என்றால் ஹைட்ரோமீட்டரில், அதாவது ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் குழாயில் பாருங்கள். முழு சார்ஜில் டியூபுலர் (குழாய் வடிவ பிளேட் உள்ள) பேட்டரியின் ஆறு செல்லும் 1.240 ஒட்டிக் காட்ட வேண்டும். ஆறும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் சார்ஜ் பற்றவில்லை என்று அர்த்தம், இரண்டு நாள் நன்றாக ஏற்றிப் பாருங்கள். ஐந்து செல் 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.150-இல் நின்றால் அந்த செல் போய்விட்டது. அதைத் தனியாக மாற்ற முடியாது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். டியூபுலரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடம் தாராளமாக வரும்.

10. இன்வெர்ட்டர் போட்டதுல இருந்து பில்லு ஏறிடுச்சு. அதுவா இவ்வளவு இழுக்குது?

கொஞ்சம் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஒரு யூனிட் திரும்ப எடுக்க, ஏறக்குறைய ஒன்றரை யூனிட் உள்ளே போட வேண்டியிருக்கும். சும்மா இருக்கும்போதும் பெட்டிக்கென்று சில வாட் உண்டு. பேட்டரி வயதானால் எப்போதும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், தொட்டால் சூடாக இருக்கும். அப்போதுதான் பில் கண்ணில் படும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அந்த எல்லையை ஒட்டி இருந்த வீடுகளுக்குச் சிறு கூடுதலும் பெரிதாகத் தெரியும்.

11. மூணு மாசம் மக வீட்டுக்குச் சென்னை போறோம். ஆஃப் பண்ணிட்டுப் போகலாமா?

மெயினையே இறக்கிவிட்டுப் போனால் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கி, அந்த நிலையிலேயே கிடந்து கெட்டுப்போகும். தண்ணீரை நிரப்பிவிட்டு, இன்வெர்ட்டருக்குப் போகும் மெயினை மட்டும் போட்டுவைத்து, முன்பக்க சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகள் அந்த நிலையிலும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். உங்களுடையது அப்படியா என்று கிளம்பும் முன் சார்ஜிங் விளக்கைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மெயினை அணைத்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, மாதம் ஒருநாள் முழுக்க சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

12. நான் சிங்கப்பூர்ல இருக்கேன். ஊர்ல அப்பா அம்மா மட்டும்தான். லித்தியம் வாங்கலாமா?

உங்கள் வீட்டுக்கு வாங்கலாம். லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்றது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. 12.8 வோல்ட், 100 ஏஎச் என்றால் 1,280 வாட்-அவர். அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால் 150 ஏஎச் டியூபுலர் தருவதை இது தந்துவிடும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சார்ஜும் வேகமாக ஏறும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். எழுபது வயதில் குனிந்து மிதவைக் குச்சி பார்க்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

விலை கூடுதல். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டவும் முடியாது, லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும். ஆசிட் பேட்டரிக்கான சார்ஜிங் முறை இதற்கு ஒத்துவராது, உள்ளே பேட்டரியைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டு அடிக்கடி துண்டித்துக்கொள்ளும். வீட்டில் தண்ணீர் பார்த்து ஊற்ற ஆள் இருந்தால் டியூபுலரே போதும் என்பது என் எண்ணம். இரண்டு வகைக்கும் சூடு ஆகாது.

13. டிராக்டர் பேட்டரி சும்மாதானே கிடக்கு, அத மாட்டிக்கலாமா?

அவசரத்துக்கு ஒருநாள், இரண்டுநாள் மாட்டலாம். கஜா புயல் சமயத்தில் பலரும் அப்படித்தான் ஓட்டினார்கள். டிராக்டர் பேட்டரியின் பிளேட் மெல்லியது. சில நொடி பெரிய கரண்டைக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓய்வெடுப்பதற்காகச் செய்தது. ராத்திரி முழுக்க இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் செத்துவிடும். அப்புறம் நடவு நேரத்தில் வண்டியும் கிளம்பாது.

14. புயல் வருதுன்னு டிவில சொல்றாங்க. மூணு நாள் கரண்ட் இல்லன்னா இந்த ஒரு பேட்டரி தாங்குமா?

தாங்கும், நீங்கள் கட்டுப்பாடாக இருந்தால். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் லைட்டு எரிய வாரக்கணக்கானது. என் வீட்டில் முழு சார்ஜில் பேட்டரி இருந்தது. பகலில் ஒன்றுமே ஓட்டவில்லை, ராத்திரி ஒரு ஃபேன், ஒரு பல்பு மட்டும். அப்படியிருந்தும் இரண்டாம் ராத்திரி பாதியில் கூவி நின்றுவிட்டது. அம்மா விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. இன்வெர்ட்டர் ஆனில் இருந்தால், எதுவுமே ஓடாவிட்டாலும் தனக்கென்று 10 முதல் 20 வாட் தின்கிறது. 15 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 360. மூன்று நாளைக்கு 1,080. 2-வது கேள்வியில் சொன்ன 1,100-ல் ஏறக்குறைய மொத்தமும் அதிலேயே போய்விடும்.

இப்போது நான் சொல்லும் முறை இதுதான். காற்று நின்று, கரண்ட் உடனே வராது என்று தெரிந்ததும் இன்வெர்ட்டரை முன் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு நாலு மணிக்கு அணையுங்கள். ஒரு பிஎல்டிசி ஃபேன் 30, ஒரு பல்பு 9, பெட்டி 15, மொத்தம் 54 வாட். ஆறு மணி நேரத்துக்கு 324. அந்த ஆறு மணிக்குள்ளேயே மூன்று போனையும் சார்ஜ் செய்யுங்கள், அதற்கு ஒரு 50. ராத்திரிக்கு 375 என்றால் மூன்று ராத்திரி வந்துவிடும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் இரண்டு ராத்திரிகூட முழுசாக வராது.

எச்சரிக்கை வந்த அன்றே டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, பேட்டரி முழுக்க ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய பேட்டரி ஏற எட்டிலிருந்து பத்து மணி நேரமாவது ஆகும், கடைசி நேரத்தில் முடியாது. இடி மின்னல் நேரத்தில் இன்வெர்ட்டரின் மெயின் பிளக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரி டெர்மினலில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் ஒன்றை ஃபியூஸ் வைத்துச் செய்துவைத்துக்கொண்டால், போன் சார்ஜுக்காக இன்வெர்ட்டரையே போட வேண்டியதில்லை.

15. எனக்கு வைஃபை மட்டும் போகாம இருந்தா போதும். வீட்டுல இருந்துதான் வேலை.

அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம். ரூட்டருக்கென்று கையளவு டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. உள்ளே சின்ன லித்தியம் செல் இருக்கும், ரூட்டருக்கும் அடாப்டருக்கும் நடுவில் மாட்டினால் முடிந்தது. ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். உங்கள் வீட்டில் கரண்ட் இருந்து என்ன, கேபிள்காரர் வீட்டில் போனால் நெட் போகும். அதனால் அவரிடம் பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

16. மானியத்துல சோலார் போட்டாச்சு. வெயில் கொளுத்துது, ஆனா கரண்ட் போனா சோலாரும் நின்னுடுதே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, போடும்போது விளக்காமல் விட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பெரும்பாலான வீடுகளில் அதில் போடுவது ஈபி லைனோடு இணைந்து ஓடும் சோலார். லைன் செத்ததும் அது தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் கூரையிலிருந்து போகும் கரண்ட், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

17. அப்போ இருக்கற இன்வெர்ட்டருக்கே ரெண்டு பேனல் மாட்டிக்கலாமா?

மாட்டலாம், நடுவில் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். பேனல் வயரை நேராகப் பேட்டரியில் சொருகினால் அதிக சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கார்த்திகை மழையில் நாலு நாள் சூரியனே தெரியாது என்பதை மறக்காதீர்கள். புயலுக்குப் பிறகு வானம் வெளுத்த நாட்களில்தான் பேனல் கைகொடுக்கும். அதற்கு அது காற்றில் பறக்காமல் இருந்திருக்க வேண்டும். ஸ்டாண்டை செங்கல் அடுக்கி நிறுத்தாமல், தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

18. இன்வெர்ட்டர் மாட்டினதுல இருந்து ஆர்சிசிபி அடிக்கடி விழுது. அத எடுத்துடலாமா?

எடுக்கவே எடுக்காதீர்கள். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அது ஒன்றுதான். ஆர்சிசிபி செய்வது சின்ன வேலை: பேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கும், 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே இறங்கிவிடும். இன்வெர்ட்டர் மாட்டியவர் பேஸை ஒரு ஆர்சிசிபி வழியாக எடுத்து, நியூட்ரலை வேறு இடத்தில் சேர்த்திருப்பார். பழைய வீட்டில் இரண்டு அறைக்கு ஒரே நியூட்ரல் ஓடுவதும் உண்டு. எந்த ஆர்சிசிபியிலிருந்து பேஸ் போகிறதோ அதன் நியூட்ரல்தான் அந்த லைட்டுகளுக்கும் வர வேண்டும். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு 'நியூட்ரலைப் பிரித்துக் கொடுங்கள்' என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

19. வாடகை ஜெனரேட்டர் எடுத்து, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரால வீட்டு பிளக்குல சொருகினா வீடே எரியுதே, தப்பா?

பெரிய தப்பு. வயரின் ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது, இன்னொரு முனையின் பித்தளைக் காலில் 230 வோல்ட் இருக்கும், கை பட்டால் போச்சு. மெயினை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் போய், அங்கே பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி லைனில் ஓடும். 16-வது கேள்வியில் சொன்ன அதே லைன்மேன் அங்கே வெளியூரிலிருந்து வந்து, சாப்பிடாமல்கூட வேலை பார்த்துக்கொண்டிருப்பார். மெயின் போர்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டுவிடுங்கள். ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், இரண்டும் சேர வழியே இருக்காது. ஜெனரேட்டரைக் கூடத்திலோ ரேழியிலோ ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

20. அம்மாவுக்கு இன்சுலின் இருக்கு, மாமாவுக்கு ஆக்சிஜன் மிஷின். அதுக்கு என்ன பண்றது?

இன்சுலினுக்காக பிரிட்ஜை ஓட்ட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலைப் பொதுவாக 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை வெளியில் வைக்கலாம். மருந்து உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து, டாக்டரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வேறு கதை. ஐந்து லிட்டர் மிஷின் 300, 350 வாட் இழுக்கும். ஒரு பேட்டரியில் மூன்று மணி நேரம்தான். அதை மட்டும் நம்பிப் புயலில் வீட்டில் இருக்கக் கூடாது. நிரப்பிய சிலிண்டர் ஒன்று கையில் இருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் அவரை ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

21. வீட்டுக்குள்ள தண்ணி வந்து பேட்டரி முங்கிடுச்சு. காயவச்சு போட்டுக்கலாமா?

தண்ணீர் நிற்கும்போது கிட்டவே போகாதீர்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். வடிந்தபிறகு மெயின் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வயரைக் கழற்றுங்கள். மூடி வரை முங்கியிருந்தால் துளை வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், பேட்டரி அவ்வளவுதான். பாதி முங்கியிருந்தால் துடைத்து ஹைட்ரோமீட்டரில் பார்க்கலாம். முங்கிய இன்வெர்ட்டரை வெயிலில் காயவைத்தாலும் ஆன் செய்யாதீர்கள், போர்டைத் திறந்து சுத்தம் செய்த பிறகுதான்.

22. பழைய இரும்புக்காரர் பேட்டரிக்கு நல்ல விலை தர்றாரு. குடுத்துடலாமா?

அவர் அதிலிருக்கும் ஈயத்துக்காக வாங்குகிறார். எடை குறைக்க ஆசிட்டை அங்கேயே வாய்க்காலில் கவிழ்த்துவிடுபவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதே வாய்க்காலில்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிறது, மாடு குடிக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு இருக்கிறது. அதனால் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மூடிகளை இறுக்கி, சாய்க்காமல் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போங்கள். பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.